மஹாலா தட்டுகளை உடைத்தது ஏன்

நியூ பெட்ஃபோர்ட், மாசசூசெட்ஸ்
9 ஜனவரி 1854

அன்புள்ள மஹாலா அக்காவுக்கு,

திர்சா எழுதுவது. இங்கே நலம். கப்பல்காரர்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. அப்சலோம் அத்தானின் முதுகுவலி தேவலையா? லேயா உன் தோளைத் தொட்டுவிட்டாளா?

விஷயத்துக்கு வருகிறேன். என் கதையைப் புத்தகமாகப் போடப்போகிறேன். இலையுதிர் காலத்தில் நான் மேடையில் பேசியதைக் கேட்டுவிட்டு அடிமை ஒழிப்புச் சங்கத்து ஆவெரில் அம்மாள் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கே வந்தார். “நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன்மா, அச்சுப் போடுறது எங்க பொறுப்பு” என்றார். எனக்கே எழுதத் தெரியும், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றந்தான் அவருக்கு.

மேரிலாந்தில் பெல்டன் தோட்டத்தில் பிறந்தது, அம்மாவை ஜார்ஜியா வியாபாரிக்கு விற்றது, எல்லாம் எழுதி முடித்தாயிற்று. இப்போது நான் ஓடிவந்த நாளில் வந்து நிற்கிறேன். அந்த நாள் நீ இல்லாமல் நகராது அக்கா. எனக்குப் பதினைந்து வயது. எசமான் ஜார்விஸ் பெல்டன் என்னைப் பார்த்து, இனிமேல் பெரிய வீட்டில் படுத்துக்கொள் என்றான். உன்னை வைத்திருந்த அதே அறையில். எனக்கு முழுசாகப் புரியவில்லை, உனக்குப் புரிந்தது. மறுநாள் விருந்தாளிகள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து, இங்கிலாந்திலிருந்து வந்த நீலப்பூத் தட்டுகளை நீ ஒவ்வொன்றாகக் கல்தரையில் போட்டு உடைத்தாய். வீடே அங்கே ஓடிவந்தது. உன்னை முற்றத்தில் கட்டி அடித்தார்கள். எல்லார் கண்ணும் உன் முதுகின்மேல் இருந்தபோது நான் ஆற்றங்கரைக்கு நடந்தேன். நீ சொல்லிவைத்திருந்த, சிப்பி அள்ளும் படகு காத்திருந்தது.

உன்னை அடித்ததைச் சொல்லும் பக்கத்தைப் படித்து ஆவெரில் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டுகளை ஏன் உடைத்தாய் என்று சொல்லும் பக்கத்துக்கு வந்ததும் முகமெல்லாம் சிவந்துவிட்டது. “இது வேண்டாம் திர்சா. பொம்பளைங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து படிக்கிற புஸ்தகம். அடிச்சத எழுது, அது போதும்” என்றார். நான் விடுவதாக இல்லை. அவன் உன்னை என்ன செய்தான், லேயா எப்படிப் பிறந்தாள், எல்லாம் வரத்தான் வேண்டும். பெயர்களோடு வர வேண்டும்.

உனக்குச் சம்மதம்தானே? சீக்கிரம் பதில் போடு. அச்சகத்தார் காத்திருக்கிறார்கள்.

உன் தங்கை,
திர்சா


சாத்தம், மேற்குக் கனடா
2 பிப்ரவரி 1854

திர்சாவுக்கு,

சம்மதம் இல்லை.

இத்தோடு கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டேன். உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன, கூடப்பிறந்தவளுக்கு எழுதுற கடுதாசியா, கோர்ட்டு உத்தரவா? இன்னும் ரெண்டு வரி எழுது” என்றார். எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அஞ்சலகத்திலிருந்து வாங்கி வந்தது யார் தெரியுமா? லேயா. “சித்தி என்ன எழுதியிருக்காங்க? நான் வாசிச்சுக் காட்டட்டா?” என்று அரக்கு முத்திரையை உடைக்கவே போய்விட்டாள். அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்று இதுவரை அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. இந்த ஊரில் எழுத்துத் தெரியாத பாதிப் பேருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது அவள்தான். அவளைப் பொறுத்தவரை அவள் அப்பா ஈசாக், ஆற்றில் மூழ்கிப்போன படகுக்காரர். தன் வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிவைத்திருக்கிறாள். உன் புத்தகம் இந்த ஊருக்கு வந்தால் அவள்தான் எல்லாருக்கும் வாசிப்பாள். யோசித்துப் பார்த்தாயா?

இன்னொன்று. நீ இருப்பது கனடா இல்லை. ஓடிவந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் போட்டு நாலு வருடம் ஆகப்போகிறது. பெல்டன் பெயரை அச்சில் போட்டால், திர்சா இன்ன ஊரில் இருக்கிறாள், வந்து கூட்டிப்போ என்று அவனுக்கு நீயே ஆள் அனுப்பியதுபோல ஆகும்.

அத்தான் முதுகு பரவாயில்லை. லேயா என் காதளவு இருக்கிறாள்.

மஹாலா


நியூ பெட்ஃபோர்ட்
27 பிப்ரவரி 1854

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஊசியைத் தொடவில்லை.

ஆவெரில் அம்மாள் பட்டுச் சட்டைக்காரி. அவள் வேண்டாம் என்றால் எனக்குப் புரிகிறது. அவள் வீட்டுக் கூடம் அழுக்காகக் கூடாது. ஆனால் நீயுமா? அவள் சொன்ன அதே வார்த்தையை நீயும் சொல்கிறாய். அடித்ததை எழுது, மற்றதை மறை. அந்த ஜார்விஸ் பெல்டன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலில் முதல் வரிசையில் உட்காருகிறான். அவன் தலை நிமிர்ந்து நடக்கிறான், நாம் குனிந்து நடக்கிறோம். எவன் வெட்கப்பட வேண்டுமோ அவனுக்கு வெட்கமில்லை. அவனுடைய வெட்கத்தை நாம் சுமந்துகொண்டு திரிகிறோம்.

போன வாரம் ஃபால் ரிவரில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரிய மனிதர் வந்து, “முதுகுல தழும்பு இருக்கா? அம்மாமார்கள் மட்டும் உள்ள போய்ப் பாக்கலாமா?” என்று கேட்டார். என் முதுகில் ஒன்றும் இல்லை என்றேன். ரொம்பவும் சப்பென்று போய்விட்டது அவருக்கு. அவர்களுக்குத் தழும்பு வேண்டும், காரணம் வேண்டாம். காரணத்தைச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கனடாவில் பனிக்கு நடுவே பத்திரமாக இருந்துகொண்டு எனக்குப் பயம் காட்டாதே. எனக்குப் பயம் இல்லை. உனக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

திர்சா


சாத்தம்
20 மார்ச் 1854

திர்சா,

எனக்குப் பயம் என்று எழுதியிருக்கிறாய். சவுக்கு எடுத்தவன் முன்னால் நின்று கடைசித் தட்டையும் உடைத்தவளுக்கு எழுதுகிறாய். அதை அங்கேயே விடுகிறேன்.

நானும் உன் ஆவெரில் அம்மாளும் ஒரே வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது அசிங்கம். எனக்கு அது அசிங்கம் இல்லை. அது என்னுடையது. என் உடம்புக்கு நடந்தது, என் வயிற்றில் வளர்ந்தது. பெல்டன் தோட்டத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு துணிகூடக் கிடையாது. என் தலைமுடிகூட அவர்களுடையது. இங்கே வந்துதான் எனக்கென்று சிலது சேர்ந்திருக்கிறது. அப்சலோம், லேயா, ஒரு அடுப்பு, என் வாய். அந்த வாயை எப்போது திறப்பது என்று நான்தான் முடிவு செய்வேன். என்னைக் கேட்காமல் என் கதவைத் திறந்தவன் ஒருவன் போதும். கூடப்பிறந்தவளும் திறக்க வேண்டாம்.

உன்னிடம் அவன் சொன்னது உன் கதை. அதை ஊரறியக் கத்து. நான் தடுக்கவில்லை. என்னுடையதை என்னிடம் விடு.

முடியாது என்றால் எனக்கு இனிமேல் எழுதாதே.

மஹாலா


நியூ பெட்ஃபோர்ட்
6 ஜூன் 1854

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். இப்போது கோபம் இல்லை. என்ன நடந்தது என்று கேள்.

ஏப்ரலில் ஆவெரில் அம்மாள் அச்சுக்குப் போகும் முன் தாள்களைக் கொண்டுவந்தார். படித்தேன். பெல்டன் என்னைப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்ட பக்கமே இல்லை. ‘சவுக்கடிக்கு அஞ்சி, கருணை உள்ளவர்களைத் தேடி நான் வடக்கே ஓடினேன்’ என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதாத வரி.

“இத யாரு எழுதினது?” என்றேன்.

“ஒன் நல்லதுக்குத்தான்மா. படிக்கிறவங்களுக்கு உன்மேல மரியாதை கொறஞ்சிடக் கூடாதில்ல?”

“நான் அடிக்குப் பயந்து ஓடல அம்மா. என்னை ஒருத்தரும் அடிக்கல.”

“ஆனா எல்லாரும் அதத்தானே எதிர்பாப்பாங்க!”

கெட்டவள் இல்லை அக்கா. நமக்காகக் கல்லடி பட்டிருக்கிறாள், உண்மையாகவே. ஆனாலும் என் வாயில் அவள் சொல்லை வைத்துவிட்டு, அது என் குரல் என்கிறாள். எனக்கு அப்போது உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. தாள்களை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னாலேயே வாசல்வரை வந்தார். “சங்கத்தோட பேரு இல்லாம ஒன்ன யாரு நம்புவாங்க?” என்றார். “பாப்போம்” என்றேன்.

எங்கள் கோவில் தையல் வட்டத்துப் பெண்களிடம் போய்ச் சொன்னேன். சலவை வேலை செய்யும் ஃபிலீனா, தலைகூட நிமிராமல், “ஆம்பளைங்க சங்கம் வச்சிருக்காங்க, வெள்ளைக்காரம்மா சங்கம் வச்சிருக்காங்க. நாம என்ன, துணி வெளுக்கிற சங்கமா? அச்சுக்காரன்கிட்ட நான் வரேன் வா” என்றாள். மெத்தைத் துணி தைத்து விற்று அவர்களே அச்சுக்கூலி தருகிறார்கள். நான் எழுதியது எழுதியபடி வரும். ஜார்விஸ் பெல்டன் பெயர் வரும். அவன் என்னிடம் சொன்ன வார்த்தை வரும்.

நீ வர மாட்டாய். உன் பக்கங்களை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். ‘அன்று வீட்டில் ஏதோ களேபரம், அந்த நேரத்தில் வெளியேறினேன்’ என்று மட்டும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஏதோ காற்று வந்து கதவைத் திறந்து என்னை வெளியே விட்டது போலத் தோன்றுகிறது. இருக்கட்டும். உன்னுடையது உன்னிடமே இருக்கிறது.

ஆள்பிடிக்காரர்களை நினைத்துக் கவலைப்படாதே. துறைமுகத்து மூட்டைக்காரர்கள் முறைவைத்து என்னை வேலையிலிருந்து வீடுவரை கொண்டுவந்து விடுகிறார்கள். இவர்களைத் தாண்டி என்னைத் தொட ஒருவன் மேரிலாந்திலிருந்து வர வேண்டுமானால் உதிர்வதற்கென்று இன்னும் இரண்டு வரிசைப் பல் கட்டிக்கொண்டு வரட்டும்.

எழுதுவாயா?

உன் தங்கை,
திர்சா


சாத்தம்
16 அக்டோபர் 1854

திர்சாவுக்கு,

ஆகஸ்டில் ஒரு கடிதம் போட்டாய். அதில் மழையைப் பற்றி எழுதினாய், மீன் விலையைப் பற்றி எழுதினாய், ஃபிலீனாவின் பல்வலியைப் பற்றி எழுதினாய். பெல்டன் பத்திரிகையில் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு ஊர்களில் உன்னை மேடை ஏற வேண்டாம் என்று சொன்னதைப் பற்றியும் இல்லை. எனக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தாயா?

தெரிந்துவிட்டது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். லேயா வழக்கம்போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தாள். ‘திர்சா என்ற பெயரில் நூல் வெளியிட்டிருக்கும் பெண்ணைப் பற்றி மேரிலாந்துக் கனவான் ஒருவர் தெரிவிப்பது’ என்று ஆரம்பித்தது. அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. அந்தப் பெண் அவன் வீட்டில் சொந்தப் பிள்ளை போல வளர்ந்தாளாம். அவனைப் பற்றி அவள் சொல்வதெல்லாம் பொய்யாம். அவன் நிலத்தில் ஒரே ஒரு முறைதான் ஒருத்தியைக் கண்டித்தார்களாம். அது அவளுடைய அக்காள், சித்தம் கலங்கியவள், எந்தக் காரணமும் இல்லாமல் விலை உயர்ந்த தட்டுகளை உடைத்ததற்காக.

லேயா பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

“அம்மா. அந்த அக்காள் நீதானே?”

“ஆமா.”

“தட்டையெல்லாம் நீயா ஒடச்சே?”

“நான்தான்.”

“எத்தன?”

“கைக்கு எட்டின மட்டும்.”

சிரித்துவிட்டாள். ஒரு தேநீர்க் கோப்பை கீழே விழுந்தால் ஊரைக் கூட்டும் அம்மா தட்டு உடைத்தாள் என்றால் சிரிப்பு வராதா? பிறகு சிரிப்பு நின்றது. “ஏன் ஒடச்சே?” என்றாள்.

திர்சா, அந்தக் கேள்விக்கு ஒரு பொய் என்னிடம் தயாராக இருந்தது. பல வருடமாகத் தயாராக வைத்திருந்த பொய். ஆனால் அவன் ‘காரணம் இல்லை’ என்று எழுதியிருக்கிறான். நானும் காரணத்தை மறைத்தால் அவனும் நானும் சேர்ந்து சொன்ன பொய்யாகிவிடும். கையில் மாவோடு அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எப்படிப் பிறந்தாள் என்பதையும்.

அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். அடுக்கியிருந்த விறகைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். அப்சலோம் வெளியே போகப்போனார், “விடுங்க, அவளா வரட்டும்” என்றேன். வந்தாள்.

“அப்ப ஈசாக்?”

“ஈசாக்னு ஒருத்தர் இருந்தாரு. ஒன் சித்திய ஏத்திக்கிட்டுப் போன படகு அவரோடது. அப்புறம் ஒன்னையும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போனதும் அவருதான். ஆத்துல செத்துப்போனது நெசம். நல்ல மனுஷன். எனக்குத் தெரிஞ்சதுலயே நல்ல பேரு அதுதான், அதான் ஒனக்குக் குடுத்தேன்.”

“அந்தப் பேர நான் அழிக்க மாட்டேன்.”

“அழிக்க வேண்டாம்.”

அதற்குப் பிறகு எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்சலோமோடுதான் பேசினாள். வைத்த சோள ரொட்டியைச் சாப்பிட்டாள், சொன்ன வேலையைச் செய்தாள், என் கண்ணைப் பார்க்கவில்லை. இதற்குத்தானே பயந்தேன் என்று எனக்குள் எரிந்தது. முந்தாநாள் காலை பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: “அங்க சித்தி ஒத்தையா நிக்கிறாங்க. ஒன்ன விட்டுக்குடுக்காமதான் நிக்கிறாங்க. நீ என்ன பண்ணப்போறே?”

“எழுதப்போறேன். நானே என் கையால. ஒன்னப் பத்தி ஒரு எழுத்து வராது, பயப்படாத.”

“என்ன ஏன் மறைக்கணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?”

துலக்கிய தட்டை என் கையில் கொடுத்தாள்.

“நான் இருக்கேன்னு எழுது. அவனோடன்னு எழுதாத. ஒன்னோடன்னு எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். இங்கே நீதிபதி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் புத்தகத்தை மறுபடி அச்சடித்தால் கடைசியில் சேர். ஒரு சொல்லை மாற்றாதே. என் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதே. இனிமையாக்காதே. எந்த அம்மாளும் முன்னுரை எழுதி என்னை நல்லவள் என்று சாட்சி சொல்ல வேண்டாம்.

“நான் மஹாலா. சாத்தத்தில் வசிக்கிறேன், தச்சர் அப்சலோம் டைரீயின் மனைவி. ஜார்விஸ் பெல்டனின் நீலப்பூத் தட்டுகளை உடைத்தது நான்தான். என் சித்தம் கலங்கவில்லை. அன்று இருந்ததுபோலத் தெளிவாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. அவன் என்னைப் பதினேழு வயதில் தன் அறைக்குப் பக்கத்து அறையில் வைத்தான். வேண்டாம் என்றேன். என் சொல்லுக்கு அங்கே சட்டம் இல்லை. பிறகு என் தங்கையை அதே அறைக்குக் கூப்பிட்டான். அவளை வெளியே அனுப்ப எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் உடைத்தேன். அடித்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தாள். மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடி உடைப்பேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்னுடையவள். இதைப் படிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்பட வேண்டாம். அங்கே இன்னும் அறைகள் இருக்கின்றன. அவற்றின் கதவைத் திறங்கள்.”

மஹாலா டைரீ


நியூ பெட்ஃபோர்ட்
11 டிசம்பர் 1854

என் அக்காவுக்கு,

புத்தகம் மறுபடி வந்துவிட்டது. கடைசிப் பக்கம் உன்னுடையது. அச்சுக்காரர் ஒரு பிழையைத் திருத்தப் போனார். ஃபிலீனா அவர் கைமேல் கை வைத்து, “அந்தம்மா கனடாவிலேந்து வந்து ஒன் தட்ட ஒடைக்கும், பரவாயில்லையா?” என்றாள். விட்டுவிட்டார்.

எங்கள் கோவிலில் அதை வாசித்தேன். என் கதையை வாசிக்கும்போது வழக்கமான ‘ஆமென்’ எல்லாம் வந்தது. உன்னுடையது ஆரம்பித்ததும் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு கணவனும் மனைவியும் எழுந்து வெளியே போனார்கள், நம் ஆட்கள்தான். முன்வரிசையில் ஆவெரில் அம்மாள் உட்கார்ந்திருந்தார், நான் கூப்பிடவில்லை, தானாக வந்தார். விசிறி மடியில் கிடந்தது. எழுந்து போகவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, “நான் எடுக்கச் சொன்னது தப்பு. இத எங்க சங்கத்துல படிக்கிறேன். பாதிப் பேரு எழுந்து போவாங்க” என்றார். “போகட்டும், மீதிப் பேருக்குப் படிங்க” என்றேன். அவரோடு இன்னும் பழைய மாதிரி பேச முடியவில்லை. ஆனால் கதவை அடைக்கவும் இல்லை.

கெட்டதையும் சொல்கிறேன், இனி உன்னிடம் மீன் விலை எழுதி ஏமாற்றுவதில்லை. இரண்டு சங்கங்கள் என்னை இன்னும் கூப்பிடவில்லை, இனியும் கூப்பிடாது என்றே நினைக்கிறேன். மேரிலாந்துக்காரர்கள்போலப் பேசிய இரண்டு பேர் என் பழைய விடுதிக்கு வந்து என்னைத் தேடி விசாரித்தார்கள். துறைமுகத்து ஆட்கள் அவர்களை ரயில்வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார்கள். எப்படி ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. கனடாவுக்கு வந்துவிடு என்று நீ எழுதுவாய். வர மாட்டேன். இங்கே வேலை இருக்கிறது. உன் பக்கத்துக்குப் பதிலாகப் பெல்டனிடமிருந்து பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. உன் பக்கத்தைத் தெற்கத்திய பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன, திட்டுவதற்காகத்தான். திட்டுவதற்கு முதலில் அச்சடிக்க வேண்டியிருந்ததே! அவன் கோவிலில் பக்கத்து வரிசைக்காரன் அதைப் படித்திருப்பான். அது போதும் எனக்கு.

லேயாவுக்கு ஒரு சட்டைத்துணி அனுப்புகிறேன். அவளுக்கு நான் தனியாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. அவள் அனுமதித்தால் எழுதுகிறேன், கேட்டுச் சொல்.

இன்றைக்குச் சாயங்காலம் தையலை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன், கதவைத் தட்டும் சத்தம். ஹெப்ஸி என்று ஒருத்தி, விடுதிகளில் தரை துடைப்பவள், நாற்பது தாண்டியிருக்கும். கோவிலில் பின்வரிசையில் நின்றிருந்தாளாம். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“ஒங்க அக்கா எழுதினாங்கள்ல,” என்றாள். “எனக்கும் ஒண்ணு இருக்கு. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொன்னா, மாத்தாம எழுதுவீங்களா?”

“மாத்த மாட்டேன். எழுதினத திரும்ப வாசிச்சுக் காட்டுவேன். வேண்டாம்னா அங்கயே கிழிச்சுடலாம்” என்றேன்.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துச் சிவந்திருக்கிறது. நான் உனக்கு எழுதி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறாள். அவளை இதற்கு மேல் காக்கவைக்கக் கூடாது.

புதுத் தாள் எடுக்கிறேன்.

உன் தங்கை,
திர்சா